மின்னலின் அலையை மழை தடுக்குமா?

கேள்வி:

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா இன்றும் திருச்சி வானொலியை மத்திய அலையில், 936 கிலோஹெர்ட்ஸில்தான் கேட்பார். மின்னல் வெட்டும்போதெல்லாம் ரேடியோ கரகரக்கும். சித்திரை, வைகாசியில் மழை தொடங்கும் முன்பே கரகரப்பு தொடங்கிவிடும். ஐப்பசியிலும் உண்டு. கார்த்திகை அடைமழையில் அவ்வளவாக இல்லை. இரவானால் எங்கள் வானம் தெளிவாக இருக்கும்போதுகூடக் கேட்கிறது. ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டு வருவதுதான் காரணம் என்பது அப்பாவின் கட்சி. மழை வந்தால் டிஷ் ஆன்டெனாவில் படம் நின்றுபோகிறதே, மழை அலையைத் தடுக்கத்தானே செய்யும் என்பது அண்ணனின் கட்சி. எது சரி?

இன்னொன்று. போன கோடையில் தெருக்கோடிப் பனைமரத்தில் இடி விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து நூறு மீட்டர் இருக்கும். அப்போது ஒரு சொட்டு மழைகூட இல்லை. வீட்டில் இடி விழவில்லை, ஃபியூஸ்கூடப் போகவில்லை. ஆனால் ரூட்டரும் செட்டாப் பாக்ஸும் செத்துவிட்டன. மழை பெய்து மண் நனைந்திருந்தால் தப்பித்திருக்குமா?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அம்மா, உங்கள் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அப்பா சொன்ன பருவ வேறுபாடும் இரவு வேறுபாடும் உண்மை. அண்ணன் சொன்ன டிஷ் ஆன்டெனாக் கதையும் உண்மை. இருவரும் சொன்ன காரணங்கள்தான் பொருந்தவில்லை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்னலிலிருந்து கிளம்பி உங்கள் ரேடியோவுக்கு வரும் அலை, வழியில் இருக்கும் மழையையும் ஈரக்காற்றையும் மேகத்தையும் ஏறக்குறைய பொருட்படுத்துவதே இல்லை. வானிலை அந்த அலைமேல் கைவைப்பது இரண்டு இடங்களில். ஒன்று, அலை பிறக்கும் மேகம். மற்றொன்று, அலை தவழ்ந்து வரும் மண். இவை தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அது 70, 80 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழையும் புயலும் இல்லை, சூரியனின் ஆட்சிதான். இரவுக் கரகரப்புக்கு விடை அங்கே இருக்கிறது.

ஒரு மின்னலுக்குள் நடப்பது

மேகத்திலிருந்து தரையை நோக்கி வரும் மின்னல் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. முதலில் ஒரு மங்கலான முன்னோடி, படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் சில பத்து மீட்டர் நீளம். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரம்தான். ஒவ்வொரு படியும் ஒரு சிறு ரேடியோத் துடிப்பை வெளியிடுகிறது. முன்னோடி தரையைத் தொட்டதும் அதே பாதையில் கீழிருந்து மேலாகப் பெருமின்னோட்டம் பாய்கிறது. நம் கண்ணைக் கூசவைப்பது இதுதான். இதன் வேகம் ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். சுவிட்சர்லாந்தில் சான் சால்வதோர் மலையுச்சிக் கோபுரங்களில் கார்ல் பெர்கர் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள்தான் இன்றும் இத்துறையின் அடிப்படை. அவற்றின்படி முதல் பாய்ச்சலின் நடுத்தர உச்சம் சுமார் 30,000 ஆம்பியர். சில மைக்ரோநொடிகளில், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கில், அது அந்த உச்சத்தை எட்டிவிடுகிறது.

கதை அதோடு முடிவதில்லை. அதே பாதையில் மூன்று, நான்கு, ஐந்து முறைகூட மின்னோட்டம் மறுபடி மறுபடி பாயும். ஒவ்வொன்றுக்கும் இடையே சராசரியாக 60 மில்லிநொடி. மின்னல் துடிப்பதுபோல் நம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். உங்கள் ரேடியோவில் ஒற்றை ‘டக்’ ஒலிக்குப் பதிலாகக் ‘கரகர’ என்று இழுபட்டு வருவதும் இதனால்தான். அப்பா கேட்பது, ஒரு மின்னலின் முன்னோடிப் படிகளும் அடுத்தடுத்த பாய்ச்சல்களும் சேர்ந்த ஒலி.

இவ்வளவு விரைவாக மாறும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் உதறி எறிகிறது. அதில் மூன்று பகுதிகள் உண்டு. மேகத்தின் மின்னேற்றம் இடம் மாறுவதால் வருவது தூரத்தோடு மிக வேகமாகத் தேய்ந்துவிடும்: தூரம் இரு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டாவது பகுதி நாலில் ஒரு பங்காகும். மூன்றாவதான கதிர்வீச்சுப் பகுதி மட்டும் பாதியாகத்தான் குறையும். ஆகவே தொலைவில் இருப்பவருக்கு எஞ்சுவது அந்த மூன்றாவதுதான். ஒரு சாதாரண முதல் பாய்ச்சல், 100 கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டருக்கு 6 முதல் 8 வோல்ட் அளவுக்கு மின்புலத்தைத் தரும். அதே தொலைவில் ஒரு வலுவான வானொலி நிலையத்தின் அலை தருவது சில பத்து மில்லிவோல்ட்தான். மின்னலின் ஆற்றல் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருந்தாலும், அதன் வால் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. 936 கிலோஹெர்ட்ஸிலும் போதிய அளவு இருக்கிறது. பண்பலையின் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் மிகக் குறைவு. அதோடு பண்பலை ரேடியோ அலையின் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண் மாற்றத்தைத்தான் வாசிக்கிறது. அதனால்தான் அங்கே கரகரப்பு அவ்வளவாக இல்லை.

வானொலியின் வரலாறே மின்னலைக் கேட்பதில்தான் தொடங்கியது என்றால் மிகையில்லை. 1895-இல் ரஷ்யாவில் அலெக்சாந்தர் போப்போவ் செய்து காட்டிய கருவி, தொலைவில் வெட்டும் மின்னலின் அலையைப் பிடித்து மணியடித்தது. பின்னாளில் ரேடாரை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ராபர்ட் வாட்சன்-வாட், பிரிட்டிஷ் வானிலைத் துறையில் தொடக்கத்தில் செய்த வேலை, இதே கரகரப்பு வரும் திசையைக் கொண்டு இடிமேகத்தைத் தேடுவதுதான்.

மழைத்துளியும் ஈரக்காற்றும்

அண்ணனின் வாதத்துக்கு வருவோம். ஓர் அலையைத் தடுக்கவோ சிதறடிக்கவோ வேண்டுமானால், எதிரே நிற்கும் பொருளின் அளவு அலைநீளத்தோடு ஒப்பிடும்படியாக இருக்க வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் மழைத்துளி அதற்குப் பெரிய பொருள்தான். ஆயிரக்கணக்கான துளிகள் வழியெங்கும் அலையை உறிஞ்சிச் சிதறடிப்பதால் படம் நிற்கிறது. திருச்சி வானொலியின் அலைநீளமோ 320 மீட்டர். மின்னலின் ஆற்றல் குவிந்திருக்கும் 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 30 கிலோமீட்டர். 30 கிலோமீட்டர் அலைக்கு முன்னால் மழைத்துளி, யானைக்கு முன்னால் கடுகு. கொட்டும் மழையானாலும் கார்மேகமானாலும் அதை ஊடுருவிக்கொண்டு வந்துவிடும்.

அப்பாவின் ஈரக்காற்றும் இதேபோல்தான். காய்ந்த காற்றும் ஈரக்காற்றும் இரண்டுமே மின்கடத்தாப் பொருள்கள். தரைமட்டத்தில் காற்றைக் கிழித்துப் பொறி பறக்க ஒரு மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட் தேவை. நீராவி கூடினால் அந்த அளவு சற்றே கூடுமே தவிரக் குறையாது. ஆனால் அப்பாவுக்கு அந்த எண்ணம் வர நியாயமான காரணம் ஒன்று இருந்திருக்கலாம். பனி இறங்கும் இரவிலும் தூறல் விழும்போதும், மின்கம்பத்துப் பீங்கான் மேல் படிந்த தூசியும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் நனைந்து, அந்த ஈரப் படலத்தின் வழியே மின்சாரம் கசியும். காதை வைத்துக் கேட்டால் ‘ஸ்ஸ்’ என்று சீறும். அதுவும் மத்திய அலையில் இரைச்சலாக விழும். அது ஒரே சீராக ‘உர்ர்’ என்று நிற்காமல் வரும். மின்னலின் கரகரப்போ விட்டுவிட்டு, வெடித்து வெடித்து வரும். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் ஈரம் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பது விளங்கிவிடும்.

இடியோசையை வைத்து மின்னலலையை எடைபோடுவதாலும் இந்தக் குழப்பம் வருகிறது. ஓசை காற்றின் வழியே வருவது. எதிர்க்காற்று அடித்தாலும், கீழே வெப்பமும் மேலே குளிருமாக இருந்தாலும், அது வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். அதனால்தான் 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் இடி கேட்பதில்லை. மின்காந்த அலைக்குக் காற்றே தேவையில்லை. எந்தப் புயற்காற்றும் அதை அசைக்காது. காற்று அசைக்கக்கூடியது மின்னலின் பாதையை மட்டும்தான்: பலத்த காற்றில் ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே அந்தச் சூடான பாதை பக்கவாட்டில் நகர்ந்து, புகைப்படத்தில் நாடாபோல் அகன்று தெரிவதுண்டு.

மேகத்தில் தொடங்கும் வேறுபாடு

வானிலையின் கை ஓங்கியிருக்கும் இடம் மேகம். நெட்டுக்குத்தாக வளர்ந்த மேகத்தின் நடுவில், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகளின் நடுவே, பனிக் குருணைகளும் நுண்ணிய பனிப் படிகங்களும் மோதி உரசுகின்றன. குருணை எதிர் மின்னேற்றம் பெறுகிறது, படிகம் நேர் மின்னேற்றம் பெறுகிறது. கனமான குருணை கீழே தங்க, இலேசான படிகத்தை மேலெழும் காற்று உச்சிக்குத் தூக்கிச் செல்கிறது. இப்படித்தான் மேகம் மேலே நேராகவும் நடுவில் எதிராகவும் பிரிகிறது. எதிர் மின்னேற்றம் பெரும்பாலும் கழித்தல் 10 முதல் கழித்தல் 25 டிகிரி வரையுள்ள அடுக்கில் குவிகிறது.

இதிலிருந்தே உங்கள் பருவக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மின்னல் உண்டாக மழை போதாது. குருணையைத் தாங்கும் அளவுக்கு மேலெழும் காற்று வேண்டும். சித்திரை, வைகாசியில் தரை கொதிக்கிறது. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து, சூடான நிலக்காற்றை முட்டி மேலே தள்ளுகிறது. மேகம் சில மணி நேரத்தில் 15 கிலோமீட்டரையும் தாண்டி வளர்கிறது. கீழே ஒரு துளி விழும் முன்பே உள்ளே மின்னல் வெட்டத் தொடங்கிவிடுகிறது. அப்பா மழைக்கு முன் கேட்கும் கரகரப்பு அதுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலும் இத்தகைய மேகங்கள் உண்டு. கார்த்திகை அடைமழை வேறு வகை: பரந்து விரிந்த, மெதுவாக எழும் மேகங்கள். நாள் முழுக்கப் பெய்யும், ஆனால் குருணை குறைவு. மின்னலும் குறைவு, கரகரப்பும் குறைவு. அலை மழையில் கரைந்துபோகவில்லை. அங்கே அலையே பிறக்கவில்லை.

குளிர் எப்படி மின்னலின் குணத்தையே மாற்றும் என்பதற்கு ஜப்பானின் மேற்குக் கரையில் உள்ள ஹொகுரிகு வட்டாரம் நல்ல சான்று. நம் ஊரில் உறைநிலை சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மின்னேற்ற அடுக்கு அதற்கும் மேலே. ஜப்பானின் குளிர்காலத்தில் சைபீரியக் குளிர்காற்று கடலைக் கடந்து வரும்போது உருவாகும் மேகங்களில் அந்த அடுக்கு தரைக்கு மிக அருகில் இறங்கிவிடுகிறது. பலத்த காற்று மேகத்தைச் சாய்த்து மேலிருக்கும் நேர் மின்னேற்றத்தை வெளியே தள்ளுகிறது. அதனால் அங்கே எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் மூர்க்கமான நேர்மின்னல்கள் விழுகின்றன. 2 லட்சம் ஆம்பியரைத் தாண்டியவை அங்கே பதிவாகியிருக்கின்றன. உலகெங்கும் சராசரியைவிட ஆயிரம் மடங்கு ரேடியோ ஆற்றலைக் கொட்டும் பெருமின்னல்களைத் தேடிய 2019-ஆம் ஆண்டு ஆய்வும் இதையே சொன்னது. அவை அதிகம் குவிந்திருந்தது வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

மேகத்தில் கலக்கும் தூசியும் புகையும்கூட இதில் பங்குபெறுகின்றன. இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை உலகின் நெரிசலான பாதைகளில் ஒன்று. அந்தப் பாதைக்கு நேர் மேலே, பக்கத்துக் கடற்பரப்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு மின்னல் விழுவதை 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோயல் தார்ன்டன் குழு கண்டறிந்தது. கப்பல் புகையின் நுண்துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்குகின்றன. சிறு துளிகள் சீக்கிரம் மழையாகாமல் உறைமட்டத்துக்கு மேலே போய்ச் சேர்ந்து, உரசலுக்கு வேண்டிய பனியைப் பெருக்குகின்றன. இதைக் கண்டுபிடிக்க உதவிய கருவிகள் உங்கள் அப்பாவின் ரேடியோவுக்கு உறவு முறைதான். உலகெங்கும் நிறுவப்பட்ட நெட்டலை வாங்கிகள், ஒரே கரகரப்பு தங்களை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு மின்னல் விழுந்த இடத்தைச் சொல்லிவிடுகின்றன. மழையும் மேகமும் அந்த அலையைக் கெடுத்திருந்தால் இது சாத்தியமே இல்லை.

மண் செய்யும் வேலை

மேகத்துக்கு அடுத்து மண். மின்னலின் அலை தரையை ஒட்டித் தவழ்ந்து வரும்போது, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கி ஆற்றலை இழக்கிறது. மண் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு இழப்பு குறைவு. கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 சீமன்ஸ் அளவு. ஈரமான களிமண்ணுக்கு அதில் நானூற்றில் ஒரு பங்கு. காய்ந்த பாறை நிலத்துக்கு அதைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு குறைவு. முதலில் அடிபடுவது அலையின் உயர் அதிர்வெண்கள். கடல் மேல் வரும் அலை, நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் சட்டென்று எழும் தன் கூர்முனையை அப்படியே கொண்டுவந்து சேர்க்கும். நிலத்தில் ஐம்பது கிலோமீட்டர் தவழ்ந்த அலையில் அந்த எழுச்சி பத்து மடங்கு மெதுவாகிவிடும். உச்சமும் சற்றுத் தேய்ந்திருக்கும்.

அப்படியானால் ஒரு மழை பெய்ததும் நிலைமை மாறிவிடுமா என்றால், அவ்வளவு எளிதில் மாறாது. அலை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் பார்க்கிறது என்பதைக் கணக்கிடலாம். ஈரக் களிமண்ணில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 5 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் அலை 50 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. அரை மணி நேரக் கோடைமழை நனைப்பது நான்கு விரற்கடை மண்ணைத்தான். அலை அதைக் கவனிக்காது. வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயல் நிறைந்து, நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் உங்கள் ஊர் மண் உண்மையிலேயே வேறு மண்ணாகிறது. கருங்கல் பாறைமேல் மெல்லிய மண் போர்த்திய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில், நல்ல மழைக்குப் பிறகும் மண் அலையை விழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மண்ணின் குணம் இன்னொரு காரியமும் செய்கிறது. அது உங்கள் ரூட்டரோடு தொடர்புடையது. மண் நன்றாகக் கடத்தினால் மின்புலம் தரைக்கு நேர்செங்குத்தாக நிற்கும். கடத்தாவிட்டால் அது சாய்ந்து, தரையோடு கிடைமட்டமான ஒரு புலமும் சேர்ந்துகொள்ளும். கிடைமட்டமாகப் போகும் மின்கம்பி முழுதும் அந்தப் புலத்துக்கு இலக்காகிறது. இந்தக் கிடைமட்டப் புலத்தைக் கணக்கிட உலகெங்கும் மின்பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் குரே–ரூபின்ஸ்டைன் சூத்திரம். பெயரில் முதலில் இருப்பவர் இலங்கையில் பிறந்து, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வாழ்நாளை மின்னல் ஆய்வுக்குக் கொடுத்த வெர்னன் குரே.

இரவில் ஏன் அதிகம்?

பகலில் சூரியக் கதிர் காற்றின் மேலடுக்கைத் தாக்கி, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. மத்திய அலை மேலே போனால் அந்த அடுக்கு அதை உறிஞ்சிவிடும். அதனால் பகலில் தரையோடு வரும் அலை மட்டுமே கேட்கும். சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னல் உங்களுக்கு எட்டாது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு மங்கிப் போகிறது. அலை இன்னும் மேலே சென்று, அங்கிருக்கும் வேறொரு அடுக்கில் மோதித் திரும்பித் தரைக்கு வருகிறது. இலங்கை நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்பதும், வங்கக் கடலுக்கு நடுவே வெட்டும் மின்னல் உங்கள் வீட்டில் கரகரப்பதும் இதே காரணத்தால்தான். உங்கள் ஊர் வானம் தெளிவாக இருப்பதற்கும் ரேடியோ கரகரப்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து அலைகளுக்கு இரவும் பகலும் இன்னும் தாராளமானவை. தரைக்கும் மேலே சொன்ன மின்னேற்ற அடுக்குகளாலான அயனி மண்டலத்துக்கும் நடுவே அகப்பட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகின்றன. உலகில் நொடிக்கு சுமார் 45 மின்னல் வெட்டுகிறது. அவை எல்லாம் சேர்ந்து பூமியைச் சுற்றியுள்ள அந்த இடைவெளியை ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸில் ஓயாமல் அதிரவைக்கின்றன. 1952-இல் ஜெர்மனியின் வின்ஃப்ரீட் ஷூமான் கணித்த இந்த அதிர்வு இன்று உலகின் ஒட்டுமொத்த இடிமழையை அளக்கும் கருவிகளில் ஒன்று.

வீட்டுக்குள் வந்த மின்னல்

பனைமரத்தில் விழுந்த இடி உங்கள் வீட்டுக்கு இரண்டு வழிகளில் வந்திருக்கும். முதல் வழி மின்கம்பி. 8 மீட்டர் உயரத்தில் கம்பி போகிறது, 100 மீட்டர் தள்ளி 30,000 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் 70,000 முதல் 90,000 வோல்ட் வரை வரும். கம்பியை மின்னல் தொடவே இல்லை. புலம் மட்டுமே செய்த வேலை இது. அதன் ஒரு பகுதி வீட்டுக்குள் ஓடிவரும். ஒரு சில மைக்ரோநொடிகளே நீடிப்பதால் ஃபியூஸ் உருகக்கூட நேரமில்லை.

இரண்டாவது வழியை உங்கள் சுவரிலேயே பார்க்கலாம். செட்டாப் பாக்ஸுக்கு ஒரு பக்கம் ப்ளக்கிலிருந்து மின்கம்பி வருகிறது. மறுபக்கம் மாடியிலிருந்து டிஷ் கேபிள் இறங்குகிறது. மாடியில் டிஷ் தாங்கியும் வீட்டு எர்த்தும் எங்கேயோ சேர்வதால், இரண்டும் கூடிப் பெரிய வளையமாகிவிடுகின்றன. வளையத்தின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். நூறு மீட்டர் தள்ளி விழும் மின்னலின் இரண்டாவது, மூன்றாவது பாய்ச்சல்கள் முதலாவதைவிடச் சிறியவைதான். ஆனால் மிக வேகமாக எழுபவை: மைக்ரோநொடிக்கு 40,000 ஆம்பியர் வீதம் என்பது சாதாரணம். அப்படி மாறும் காந்தப்புலம் அந்த வளையத்தில் சுமார் 800 வோல்ட்டைத் தூண்டும். செட்டாப் பாக்ஸின் கேபிள் முனையும் ரூட்டரின் கேபிள் முனையும் சில வோல்ட்டில் வேலை செய்பவை. அவை தாங்குமா?

மண் நனைந்திருந்தால் தப்பித்திருக்குமா என்று கேட்டீர்கள். வளையத்தின் கதையில் மண்ணுக்குப் பங்கே இல்லை. அது அப்படியேதான் நடந்திருக்கும். மின்கம்பியின் கதையில், நன்றாக ஊறிய மண் கிடைமட்டப் புலத்தைக் குறைத்து ஓரளவு உதவியிருக்கும். வீட்டு எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால் உள்ளே வந்த அழுத்தம் இறங்க வழியில்லாமல் போகும். ஈரமாக இருந்தால் கொஞ்சம் இறங்கும். ஆகவே மழை சற்றுத் தணித்திருக்கலாம், காப்பாற்றியிருக்காது.

காப்பாற்றுவது வேறு வேலைகள். எர்த் குழிக்குக் கோடையில் தவறாமல் தண்ணீர் விடுங்கள். மெயின் போர்டில் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். மின்வயரும் கேபிளும் ஒரே இடத்தில் வீட்டுக்குள் நுழைந்து ஒன்றையொன்று ஒட்டியே செல்லும்படி செய்தால் வளையத்தின் பரப்பு சுருங்கும். தூண்டப்படும் வோல்ட்டும் அதே அளவுக்குக் குறையும். இன்டர்நெட் கண்ணாடியிழை வழியே வந்தால் அந்த இழை மின்னலைக் கொண்டுவராது. ஆனால் அதன் அடாப்டர் ப்ளக்கில்தானே இருக்கிறது? எனவே எல்லாவற்றிலும் சிறந்தது, மேகம் கூடும்போதே ப்ளக்கையும் கேபிளையும் இரண்டையும் பிடுங்கி வைப்பது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 70,000 வோல்ட்டுக்கு அந்தச் சிறு இடைவெளி ஒரு பொருட்டல்ல. இடி முழங்கத் தொடங்கிய பிறகு அந்த ப்ளக்கைத் தொடவும் வேண்டாம்.

மேகம் கூடுவதை உங்கள் அப்பாவின் ரேடியோ முன்கூட்டியே சொல்லும். பகலில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக் கேளுங்கள். கரகரப்பு அடுத்தடுத்து நெருங்கி வந்து வலுத்தால் இடிமேகம் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரவில் இந்தக் கணக்கு பலிக்காது; தொலைதூர மின்னலும் சேர்ந்துகொள்ளும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, நாடெங்கும் நிறுவிய உணரிகளைக் கொண்டு அருகில் மின்னல் வெட்டுவதை உடனுக்குடன் சொல்கிறது. அதையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மின்னலை இழுக்கும் என்ற பயம் வேண்டாம்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த வரி, “ஒரு சொட்டு மழைகூட இல்லை” என்பது. நம் ஊரில் வயலில் இருப்பவர்கள் மழையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: தூறல் விழட்டும், கரையேறலாம் என்று. மின்னல் மழைக்காகக் காத்திருப்பதில்லை. மேகத்தின் பக்கவாட்டிலிருந்து கிளம்பி, மழை பெய்யும் இடத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி விழுவதும் உண்டு. காய்ந்த மண்ணில் அது இன்னும் கொடியது. 30,000 ஆம்பியர் தரையில் இறங்கிப் பரவும்போது, 20 மீட்டர் தள்ளி ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு சுமார் 1,200 வோல்ட் வித்தியாசம் இருக்கும். பத்து மடங்கு வறண்ட மண்ணில் அது 12,000 வோல்ட். முன்னங்காலும் பின்னங்காலும் அகன்று நிற்கும் மாடுகள் மரத்தடியில் கூட்டமாகச் சாவது இதனால்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்கு 2,500 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சலிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள்.

இடி காதில் விழுகிறதென்றால் அந்த மேகத்தின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மழை வந்தாலும் வராவிட்டாலும், உடனே கூரை வீட்டுக்கோ மரத்தடிக்கோ போகாமல், ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் சுவரெழுப்பிய கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கதவை மூடிய காரும் பஸ்ஸும் சரியான இடங்கள்தான். பம்ப் செட் குழாயையும் முள்வேலியையும் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். நடவுக்கும் களையெடுக்கவும் வந்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களைக் கரையேற்றுகிற பொறுப்பு நிலத்துக்காரருடையது.